கை நடுங்கினாலே நரம்புத் தளர்ச்சியா?

வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

நாம் நினைக்காமலே கை, கால், கண், முகம் அசைவது பற்றி உங்களுக்கு இருக்கும் சந்தேகங்களை எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: நரம்புத் தளர்ச்சி. கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி, கண் துடித்தால் நரம்புத் தளர்ச்சி, பையன் கண்ணைச் சிமிட்டினாலும் அதேதான். அப்படி ஒரு நோயே கிடையாது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் மட்டும் இருக்கும் பெயர் அது. மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ஆட்கள் அதைச் சொல்லி லேகியம் விற்கிறார்கள். இளவயதில் செய்த தப்பால் வந்தது என்று பயமுறுத்தியும் வைக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அடியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல நோய்கள் கிடக்கின்றன. சில தானாகப் போய்விடும், சில மாத்திரையால் அடங்கும், ஒன்றிரண்டை உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எது எது என்று பிரிக்க எனக்கு வேண்டியது சின்ன விஷயம்தான்: எப்போது ஆடுகிறது? சும்மா இருக்கும்போதா, வேலை செய்யும்போதா, தூங்கும்போதுமா? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? இதைப் பார்த்துவைத்து, போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: பத்து நாளாக எனக்கு இடது கண் கீழ் இமை துடித்துக்கொண்டே இருக்கிறது. பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது, நல்ல சேதி வரும் என்கிறார் மாமியார். கூட வேலை பார்ப்பவரோ பக்கவாதம் வரப்போகிறதற்கு அறிகுறி என்கிறார். பயமாக இருக்கிறது. (வாசகி, விருதுநகர்)

பக்கவாதம் இல்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பக்கவாதம் வந்தால் முகம் துடிக்காது, ஒரு பக்கமாகத் தொங்கிப்போகும், கை மரத்துப்போகும், பேச்சு குழறும். மாமியார் சொல்வது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை, அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இமையைச் சுற்றி மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. தூக்கம் குறைந்தாலும், காபி, டீ அதிகமானாலும், நாள் முழுக்க கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாலும், மனதில் ஏதாவது கவலை ஓடிக்கொண்டிருந்தாலும், அந்தத் தசைக்குப் போகும் நரம்பு இழைகள் தாமாகவே கொஞ்சம் மின்துடிப்பைத் தட்டிவிடும். உங்களுக்குப் பெரிதாகத் தெரியும், எதிரில் நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. சில நாளிலோ சில வாரத்திலோ போய்விடும். ஒரு வாரம் சீக்கிரம் படுத்துத் தூங்கிப் பாருங்கள், சாயங்காலக் காபியை விட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்றைக் கண்ணாடியில் கவனியுங்கள். கண் துடிக்கும்போது அதே பக்கத்துக் கன்னமும், வாயோரமும் சேர்ந்து இழுக்கிறதா? இழுத்தால் அது வேறு நோய், முகத்தின் ஒரு பாதி மட்டும் இழுப்பது. மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு வெளியே வரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து, இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். தூக்கத்தில்கூட இது நிற்காது. என்னிடம் வந்த ஒரு பெண் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர். வலது கண் இழுத்து இழுத்து மூடும். கண்ணடிக்கிறாள் என்று வாடிக்கையாளர் ஒருவர் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார், வேலை போகும் நிலைமை. மூன்று வருடமாகச் சத்து மாத்திரையும் கண் சொட்டு மருந்தும் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். போட்டாக்ஸ் ஊசி போட்டோம், ஒரு வாரத்தில் அடங்கியது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நிரந்தரமாகச் சரியாக வேண்டும் என்றால், ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே சின்னதாக ஒரு மெத்தை மாதிரி வைத்துப் பிரிக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

போட்டாக்ஸ் என்றதும் அழகுக்குப் போடும் ஊசி என்று பலர் ஒதுங்குகிறார்கள். அதை முதலில் மருந்தாக்கியது சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர். அமெரிக்காவில் 1989-ல் அனுமதி கிடைத்ததே மாறுகண்ணுக்கும், இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டு திறக்க முடியாமல் போகும் நோய்க்கும்தான். முகச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002-ல்.

கேள்வி: எனக்கு 46 வயது, அரசு அலுவலகத்தில் வேலை. கை நடுக்கத்தால் நாலு பேர் முன்னால் காபி டம்ளரைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது. செக்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அப்பாவுக்கும் இதே மாதிரி நடுங்கும். நரம்புத் தளர்ச்சி என்று ஆறு மாதம் பொடி சாப்பிட்டேன், பலன் இல்லை. இது பார்கின்சனா? (பெயர் வேண்டாம், ஈரோடு)

வீட்டில் டபரா டம்ளர் இருக்கிறதா? டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி டபராவில் ஆற்றிப் பாருங்கள். ஆற்றும்போது நடுங்குகிறதா, அல்லது டபராவைக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் போட்டு, டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுங்குகிறதா? நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் டம்ளர் தூக்குவது, கையெழுத்துப் போடுவது. எல்லாமே கை வேலை செய்யும் நேரம். பார்கின்சன், அதாவது நடுக்கு வாத நோயில் வரும் நடுக்கம் இதற்கு நேர்மாறு. கை சும்மா இருக்கும்போது ஆடும், கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது மாதிரி உரசிக்கொண்டிருக்கும், டம்ளரைத் தூக்கியதும் பெரும்பாலும் குறைந்துவிடும். கையெழுத்திலும் வித்தியாசம் உண்டு. பார்கின்சனில் எழுத்து போகப்போகச் சின்னதாகி எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகும், உங்களுடையது போன்றதில் எழுத்து பெரிதாகக் கோணல்மாணலாக இருக்கும்.

அப்பாவுக்கும் இருந்தது என்கிறீர்கள். அதனால் இது பரம்பரையாக வரும் செயல் நடுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இப்படிக் குடும்பத்தில் ஓடும்போது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. உலகம் முழுக்கப் பார்கின்சனைவிட அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். வயதாக ஆக மெல்ல கூடும். சிலருக்குத் தலை வேண்டாம் வேண்டாம் என்பது போல ஆடும், குரலும் நடுங்கும். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் சாதாரண விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன், கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்தைக் கையில் எடுத்துக் குடிக்க முடியாமல் எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் தைராய்டு பரிசோதனை ஒன்று செய்யுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் விரல் நடுங்கும். கூடவே எடை குறையும், படபடப்பு இருக்கும், வியர்த்துக் கொட்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பூட்டமால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் இவையும் நடுக்கம் தரும். இதெல்லாம் இல்லை என்றால் ப்ரோப்ரனலால் அல்லது ப்ரிமிடோன் மாத்திரை. பலருக்கு நன்றாகவே குறைகிறது, முழுக்க நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடவே கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாத்திரைக்கும் அடங்காத மோசமான நடுக்கத்துக்கு மூளைக்குள் மெல்லிய மின்முனை பொருத்தும் சிகிச்சை வரைக்கும் வழி இருக்கிறது. அதுவரை, தடிமனான பேனா, முழங்கையை மேசையில் ஊன்றி எழுதுவது, டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக்கொள்வது, இவையெல்லாம் உதவும். வங்கி மேலாளரிடம் மருத்துவச் சான்றிதழோடு போய், இப்போது போடும் கையெழுத்தைப் புதிதாகப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நடுக்கம் கொஞ்சம் மது குடித்தால் ஒரு மணி நேரம் அடங்கும். அது நிஜம், ஆனால் அதில்தான் வினை. இறங்கியதும் முன்னைவிட அதிகமாக நடுங்கும். கை நடுக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்து அதிலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்புறம், தினமும் குடிப்பவருக்குக் காலையில் எழுந்ததும் கை நடுங்குவது முற்றிலும் வேறு. அது உடம்பு சரக்கு கேட்கும் நடுக்கம். அப்படிப்பட்டவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து சித்தம் தடுமாறி, இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உயிரே போகலாம். நிறுத்துங்கள், கட்டாயம் நிறுத்துங்கள். ஆனால் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஒரு வருடமாக இரண்டு கையும் நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது, முகத்தில் சிரிப்பே இல்லை. பார்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார்கள், பெரிதாக மாற்றம் இல்லை. வேறு சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது, தலைசுற்றலுக்கும் கேஸுக்கும் மட்டும் ரொம்ப நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்கிறார்களே, கொடுக்கலாமா? ஸ்கேன் எடுக்கவே இல்லையே, பரவாயில்லையா? (வாசகர், கும்பகோணம்)

உங்கள் கடிதத்தில் “மட்டும்” என்று போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் இதில் முக்கியமான வரி. இன்றைக்கே அந்த இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம், கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். தலைசுற்றல் மாத்திரையில் சின்னரிசின், ப்ளூனரிசின், புரோக்ளோர்பெரசின் இவற்றில் ஏதாவது இருக்கிறதா? கேஸ் மாத்திரையில் லெவோசல்பிரைடு அல்லது மெட்டோகுளோப்ரமைடு இருக்கிறதா? வெறும் வயிற்றில் போடும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு லெவோசல்பிரைடைச் சேர்த்து ஒரே குளிகையாக விற்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். மெடிக்கலில் போய் “போன மாசம் வாங்கினதே கொடுங்க” என்று சீட்டு இல்லாமலே வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

பார்கின்சன் நோயில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன. மேலே சொன்ன மருந்துகளோ டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. செல்கள் நன்றாகவே இருக்கும், ஆனால் வெளியே பார்த்தால் அதே நடுக்கம், அதே தளர்ந்த நடை, அதே உறைந்த முகம். பார்கின்சன் மாத்திரை இதில் பெரிதாக எடுபடாது, ஏனென்றால் சாவித்துவாரத்தில் வேறொன்று அடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தது என்பதும் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. பார்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் தொடங்கி, ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் மறுபக்கம் போகும். நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே மோப்பம் குறைந்திருக்கும். அம்மாவுக்குப் பெருங்காயம் தாளிக்கும் வாசனை தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நானே இதில் தவறியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பாட்டிக்கு நான்கு மாதம் பார்கின்சன் மருந்து கொடுத்தேன். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை தலைசுற்றல் மாத்திரை ஒரு மாத்திரையே அல்ல, வெற்றிலை பாக்கு மாதிரி தினப்படி பழக்கம். ஐந்தாவது மாதம் பேரன் ஒரு மஞ்சள் பையோடு வந்து மேசையில் கொட்டினான். தைலம், மூக்குப்பொடி டப்பா, பழைய ரேஷன் ரசீது, அதற்கு நடுவே பாதி தீர்ந்த சின்னரிசின் அட்டைகள் ஆறேழு. இரண்டு வருடமாகத் தினம் மூன்று. நிறுத்தினோம். மூன்றாவது மாதம் அவர் தானே சேலை கட்டிக்கொண்டு, கையை வீசி நடந்து உள்ளே வந்தார். அன்றிலிருந்து நான் யாரிடமும் “மாத்திரை சாப்பிடுகிறீர்களா” என்று கேட்பதில்லை, “பையை எடுத்துவந்து கொட்டுங்கள்” என்றுதான் சொல்கிறேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பையோடு மருத்துவரிடம் போங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மருந்துதான் காரணம் என்றால், நிறுத்திய பிறகு சரியாகச் சில வாரம் முதல் சில மாதம் ஆகும், பொறுமை வேண்டும். சிலருக்கு முழுக்கச் சரியாகாது, அதற்குப் பெரும்பாலும் உள்ளே பார்கின்சன் ஏற்கெனவே தொடங்கியிருந்ததுதான் காரணமாக இருக்கும். தலைசுற்றலையும் ஒழுங்காகப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையில் புரளும்போது வீடே சுற்றுகிறது என்றால் அது பெரும்பாலும் உள்காதில் சின்னச் சின்னத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பிப் படுக்கவைத்தே சரிசெய்யலாம். அதற்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுவது தேவையே இல்லாத வேலை.

பூனைக்காலி பற்றி: அதன் விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது, பார்கின்சன் மாத்திரையில் இருக்கும் அதே பொருள்தான். நம் வைத்தியர்கள் நடுக்கு வாதத்துக்கு அதைக் கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் வாந்தி, பிரஷர் இறங்கி மயக்கம், கண்ணுக்கு இல்லாத ஆட்கள் தெரிவது வரை போகும். உங்கள் அம்மாவுக்கு மருந்தால் வந்த நடுக்கம் என்றால் அதனால் பிரயோஜனமும் இல்லை. இப்போது வேண்டாம்.

ஸ்கேன் எடுக்கவே இல்லையே என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியபோது மொத்தம் 6 பேரைத்தான் விவரித்தார், அதிலும் சிலரைத் தெருவில் நடக்கும்போது பார்த்ததுதான். 200 வருடம் தாண்டியும் இந்த நோயைக் கண்டுபிடிப்பது அடிப்படையில் பார்த்துத்தான், உட்காரவைத்து, நடக்கவைத்து, கையை அசைத்துப் பார்த்து.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆறு மாதமாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தான், இப்போது தோளைக் குலுக்குகிறான், தொண்டையைச் செருமுகிறான். சேட்டை என்று பள்ளியில் வெளியே நிற்க வைக்கிறார்கள். அவன் அப்பா அடித்துவிட்டார். (ஒரு அம்மா, திருப்பூர்)

அடிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள் அம்மா, நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பையன் இதை வேண்டுமென்று செய்யவில்லை. தும்மல் வருவதற்கு முன்னால் மூக்கில் ஒரு குறுகுறுப்பு வருமே, அது மாதிரி அவனுக்குத் தோளிலும் தொண்டையிலும் வருகிறது. குலுக்கினால்தான் அது அடங்கும். கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ள முடியும், அதனால்தான் “நினைத்தால் நிறுத்துகிறானே” என்று பெரியவர்களுக்குத் தோன்றுகிறது. வகுப்பில் அடக்கிவைத்து வீட்டுக்கு வந்து கொட்டுவான். இதற்கு டிக்ஸ் என்று பெயர். 5, 6 வயதில் தொடங்கும், ஒன்று போய் இன்னொன்று வரும், 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போகும், பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெகுவாகக் குறைந்துவிடும். உடல் அசைவுகள் பலவும், இந்தச் செருமல் போன்ற சத்தமும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் டூரெட் என்கிறோம். 1885-ல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் விவரித்ததால் அவர் பெயர்.

வீட்டில் யாரும் “பண்ணாதே” என்று சொல்லாமல் இருப்பதே முதல் வைத்தியம், சுட்டிக்காட்டினால் கூடும். வகுப்பு ஆசிரியரை நேரில் பார்த்து இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். கண் பார்வையும் அலர்ஜியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிப்பையோ நட்பையோ கெடுக்கும் அளவுக்குப் போனால் பயிற்சி முறைச் சிகிச்சை இருக்கிறது, மாத்திரை அதற்கு அப்புறம்தான்.

இது வேறு மாதிரி வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். நன்றாக இருந்த பிள்ளை ஓரிரு வாரத்தில் கை கால் நிலைகொள்ளாமல் நெளிந்து, சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டு, கையெழுத்து கெட்டு, காரணமில்லாமல் அழுதால், அதிலும் சில மாதம் முன்பு தொண்டைவலி, காய்ச்சல் வந்திருந்தால், அது கீல்வாதக் காய்ச்சலின் பகுதியாக வரும் கோரியா. பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும். ஆட்டம் தானாக அடங்கிவிடும், ஆனால் இதய வால்வு கெட்டிருக்கலாம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி வருடக்கணக்கில் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு 17 வயது. காலையில் எழுந்ததும் கை தூக்கிப்போடும், டம்ளர், சீப்பு எல்லாம் தெறித்து விழும். கவனம் இல்லை என்று திட்டுகிறார்கள். போன மாதம் பரீட்சைக்கு இரவு முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் மயங்கி விழுந்தேன், உடம்பு வெட்டியது, கையில் இரும்புச் சாவி கொடுத்தார்களாம். வெளியில் சொல்ல வேண்டாம் என்கிறார் பாட்டி. (மாணவி, சிவகங்கை)

உன் மேல் தப்பே இல்லை, அம்மா. எழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கை வெட்டிவெட்டி இழுப்பது, தூக்கம் கெட்டால் கூடுவது, இந்த வயதில் தொடங்குவது, இவை சேர்ந்தால் அது பெரும்பாலும் இளவயதினருக்கு வரும் ஒருவகை வலிப்பு நோய். டம்ளர் விழும் கதையை யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை, மயங்கி விழுந்ததை மட்டும் சொல்வார்கள், அதனால் வேறு வகை என்று நினைத்துத் தப்பான மாத்திரை கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. கார்பமசெபைன் போன்ற சில மாத்திரைகள் இந்த வகையில் வெட்டுவதை அதிகமாக்கிவிடும். அதனால் டம்ளர், சீப்பு எல்லாவற்றையும் நரம்பியல் டாக்டரிடம் சொல். மூளையின் மின்துடிப்பைப் பதியும் ஈஈஜி எடுப்பார்கள். சரியான மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும், ஆனால் பல வருடம், சிலருக்கு ஆயுள் முழுக்க, விடாமல் சாப்பிட வேண்டும். வால்ப்ரோயேட் இதற்கு நல்ல மருந்து, ஆனால் பின்னால் கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பெண்களுக்கு முடிந்தவரை வேறு மருந்து கொடுப்போம். இதைப் பற்றி அம்மாவோடு போய் வெளிப்படையாகக் கேள். இரவில் தூங்கு. தனியாகக் கிணற்றடி, குளம் பக்கம் போகாதே.

வீட்டாருக்கு: சாவி வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இருப்பதை நகர்த்திவிட்டு, நேரத்தைப் பாருங்கள். சாவி கொடுத்ததும் நின்றது என்பீர்கள், அது கொடுக்காமல் இருந்தாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றிருக்கும். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டியின் கவலை கல்யாணம் பற்றியது, புரிகிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வார்த்தையே 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. மறைத்துக் கல்யாணம் செய்து, மாத்திரையையும் மறைத்து நிறுத்தும் பெண்களுக்குத்தான் ஆபத்து.

கேள்வி: தூக்கம் பிடிக்கும்போது உடம்பு தூக்கிப்போடுகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. (வாசகர், நெய்வேலி)

முதலாவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது, விட்டுவிடுங்கள். கெண்டைக்காலுக்கு, இழுக்கும்போது காலை நீட்டி, பாதத்து விரல்களை முழங்காலைப் பார்த்து இழுத்துப் பிடியுங்கள், சட்டென்று விடும். படுக்கப் போகும் முன்பும் இப்படி இரண்டு நிமிடம் நீட்டி மடக்குங்கள். தினமும் வந்தால் சாப்பிடும் மாத்திரைகளையும், சிறுநீரகம், தைராய்டு, ரத்த உப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தம்பிக்கு 16 வயது. பத்து மாதமாகக் கை பறவை இறக்கை அடிப்பது போல ஆடுகிறது, பேச்சு குழறுகிறது, எச்சில் வடிகிறது, நன்றாகப் படித்தவன் இப்போது எழுதவே முடியவில்லை. எங்கள் அம்மா அப்பா மாமன் மகள், அத்தை மகன். நரம்புத் தளர்ச்சி என்று ஒருவரும், காத்து கருப்பு என்று ஒருவரும் சொல்கிறார்கள். சின்ன வயதில் இரண்டு முறை மஞ்சள் காமாலை வந்தது. தங்கைக்கு ஒன்றும் இல்லை. (அக்கா, தர்மபுரி மாவட்டம்)

எல்லாக் கடிதத்தையும்விட அவசரமானது உங்களுடையது. இளவயது, காமாலை, குழறும் பேச்சு, இறக்கை மாதிரி ஆடும் கை, சொந்தத்தில் கல்யாணம், எல்லாம் சேர்ந்து வில்சன் நோயைக் காட்டுகின்றன. சாப்பாட்டில் இருக்கும் செம்பை வெளியேற்றும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அதற்கான மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதாக வந்தால் செம்பு கல்லீரலில் சேர்ந்து, பிறகு மூளைக்கும் போகிறது. 1912-ல் லண்டனில் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இதை எழுதியபோது மருந்து இல்லை. இப்போது செம்பை வெளியேற்றும் பெனிசிலமின் இருக்கிறது, துத்தநாக மாத்திரை இருக்கிறது. மற்ற பல பரம்பரை நரம்பு நோய்களுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம் இது. மருந்து தொடங்கினால் பலர் படிப்புக்கும் வேலைக்கும் திரும்புகிறார்கள். தொடங்காவிட்டால் உயிர் போகும்.

நாளைக்கே பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்புப் பச்சையாக ஒரு வளையம் இருக்கிறதா என்று கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்ப்பார். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு, மூளைக்கு எம்ஆர்ஐ. வீட்டில் செப்புக் குடத்தில் வைத்த தண்ணீரை உடம்புக்கு நல்லது என்று கொடுத்துக்கொண்டிருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். மருந்து ஆரம்பித்த பிறகு நன்றாகிவிட்டதே என்று ஒருபோதும் நிறுத்தக் கூடாது, ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியது. முதல் சில வாரம் ஆட்டம் கூடுவது போலத் தெரிந்தாலும் பயந்து விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தங்கைக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடப்பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் இது வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, உங்களுக்கும்தான். அறிகுறி தெரிவதற்கு முன்பே கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் கை ஆடாமலே, பேச்சு குழறாமலே வாழலாம். தம்பியோடு தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.